வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி: சிக்கல்களையும் தொற்றுகளையும் தடுக்க, கண்டுபிடிக்க, சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐசியுவுக்குப் புதிதாக வரும் நர்ஸை நான் முதலில் வென்டிலேட்டர் திரைக்கு முன்னால் நிறுத்துவதில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்து, நோயாளியின் வாய்க்குள் பார்க்கச் சொல்வேன். மூச்சுக்குழலுக்குள் போட்ட டியூப் உதட்டோரத்தில் எத்தனையாவது சென்டிமீட்டர் கோட்டில் நிற்கிறது? நாக்கு காய்ந்து வெடித்திருக்கிறதா? பல்லில் பாசி மாதிரி படிந்திருக்கிறதா? தொண்டைக்குழியில் எச்சில் குளம் கட்டி நிற்கிறதா? கவனிக்காமல் விட்டால், இன்னும் சில நாளில் அந்தக் குளம்தான் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும்.

கட்டிலருகே நிற்கும் நர்ஸ்களையும் இளம் டாக்டர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். உள்ளே எதற்காக என்ன செய்கிறார்கள் என்று புரியும். எதைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும். மருந்தின் அளவையும் மெஷின் செட்டிங்கையும் அந்த நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்வார்.

மெஷின் உடம்புக்கு என்ன செய்கிறது

நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. வென்டிலேட்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. காற்றை வெளியிலிருந்து தள்ளுகிறது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்து, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, இரவும் பகலும் கையால் பையை அமுக்கினார்கள். கடும் நோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இருந்த இறப்பு பாதியளவுக்கு வந்தது. இன்றைய ஐசியுவின் பிறப்பு அங்கேதான்.

அந்தப் பையின் வாரிசுதான் நம் மெஷின். அது நிமோனியாவையும் ஆற்றாது, விஷக்கடியையும் ஆற்றாது. நோய் ஆறுவதற்கு நேரம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்துக்கு உடம்பு தினமும் வட்டி கட்டுகிறது. தள்ளும் அழுத்தத்தால் நுரையீரலும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்படும். டியூப் தொண்டையைத் திறந்தே வைத்திருப்பதால் கிருமிகளுக்கு வழி கிடைக்கும். மயக்க மருந்தில் அசையாமல் கிடப்பதால் தசை, தோல், மூளை எல்லாம் தேயும். கீழே வரும் ஒவ்வொரு சிக்கலையும் இந்த மூன்றில் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். அதனால் காலை ரவுண்ட்ஸில் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி: “இன்றைக்கு இந்த டியூப் இவருக்குத் தேவையா?”

படி 1: டியூப் போட்ட முதல் ஒரு மணி நேரம்

டியூப் மூச்சுக்குழலில்தான் இருக்கிறதா என்பதைக் வெளிமூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் வரும் கார்பன் டை ஆக்ஸைடு அலையை வைத்து உறுதி செய்யுங்கள். காதால் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். அடுத்து ஆழம். வழக்கமாக வயது வந்த பெண்ணுக்குப் பல்வரிசையில் 21 செ.மீ., ஆணுக்கு 23 செ.மீ. அருகில் வரும். ஆழமாகப் போய்விட்டால் வலது மூச்சுக்கிளைக்குள் நுழைந்து, இடது நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிவிடும். எக்ஸ்ரேயில் டியூபின் நுனி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். பல்வரிசையில் நிற்கும் ஆழ எண்ணைக் கட்டிலருகே எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் சாச்சுரேஷன் (இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு) விழும்போது அந்த ஒரு எண் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

டியூப் போட்ட உடனே பிரஷர் (இரத்த அழுத்தம்) விழுவது சகஜம். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மயக்க மருந்தும் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. ஐ.வி. திரவமும் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலினும் டியூப் போடுவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

அதே மணி நேரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, டேப் எடுத்து நோயாளியின் உயரத்தை அளப்பது. பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை உடல் எடையை வைத்துக் கணக்கிடக் கூடாது, உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். குண்டானவருக்கு நுரையீரல் பெரிதாக இருக்காது. உயரத்துக்கேற்ற கணக்கு எடை வருவது இப்படி: ஆண்களுக்கு 50-உடன், உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேலுள்ள ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ கூட்டுங்கள், பெண்களுக்கு 45.5-இல் தொடங்குங்கள். 165 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஆணுக்குக் கணக்கு எடை 61.5 கிலோ வரும். கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 370 மி.லி. தராசு எடையில் போட்டால் 540 மி.லி. ஆகிவிடும்! ஒவ்வொரு மூச்சிலும் அந்தக் கூடுதல் காற்று நுரையீரலின் மெல்லிய அறைகளை இழுத்துக் கிழிக்கும். 2000-ல் வெளிவந்த 861 நோயாளிகளின் ஆய்வில், கடும் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு 12 மி.லி.க்குப் பதில் 6 மி.லி. கொடுத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல், ஒரு குமிழைக் குறைத்துத் திருப்பியதால் பிழைத்த உயிர்கள் அவை. காற்று உள்ளே போய் நிற்கும்போது நுரையீரலில் இருக்கும் அழுத்தம்தான் பிளாட்டோ பிரஷர்; அது 30 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனும் மருந்துதான், தேவைக்கு மேல் கொடுத்தால் நுரையீரலைக் கெடுக்கும். சாச்சுரேஷன் 92 முதல் 96 வரை நின்றால் பெரும்பாலானோருக்குப் போதும். 100 காட்டுகிறதே என்று சந்தோஷப்படாமல், ஆக்ஸிஜன் சதவீதத்தைப் படிப்படியாக இறக்குங்கள்.

படி 2: கஃப்பைக் கவனியுங்கள்

டியூபின் நுனிக்கு மேலே சின்ன பலூன் ஒன்று இருக்கிறது. அதுதான் கஃப். மூச்சுக்குழலை அடைத்துக் காற்று மேலே கசியாமலும், எச்சில் கீழே இறங்காமலும் அது காக்க வேண்டும். அதற்குள் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் எச்சில் கசியும். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்குழல் சுவருக்குப் போகும் இரத்தம் தடைபடும்; அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, மாதங்கள் கழித்துச் சுருங்கலாம்.

வெளியே தொங்கும் சின்ன பைலட் பலூனை விரலால் அமுக்கி “சரியாக இருக்கு” என்று சொல்வது பழைய பழக்கம். எனக்கும் இருந்தது. ஒரு இரவு, அப்படி நான் அமுக்கிப் பார்த்துச் சரி என்று எழுதிய நோயாளிக்குச் சீனியர் சிஸ்டர் வந்து அழுத்தம் அளக்கும் மானோமீட்டரை மாட்டினார். முள் 60-ஐத் தாண்டி நின்றது. மூன்று ஷிப்டாக மூன்று பேர் விரலால் அமுக்கி, மூன்று பேரும் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். அன்றிலிருந்து மானோமீட்டர் இல்லாமல் நான் கஃப் அழுத்தத்தை எழுதியதில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருமுறையாவது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த பிறகும், வெளியே எங்காவது கொண்டுபோய் வந்த பிறகும் அளந்து பாருங்கள். மானோமீட்டரைக் கழற்றும்போது கொஞ்சம் காற்று வெளியேறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் கஃப் முழுக் காவலாகாது. அதன் பிளாஸ்டிக்கில் நீளவாக்கில் விழும் மடிப்புகள் வழியாக எச்சில் துளித்துளியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வென்டிலேட்டர் தேவைப்படும் என்று தெரிந்தால், கஃப்புக்கு மேலே தேங்குவதை உறிஞ்சி எடுக்கத் தனித் துளை உள்ள டியூபைப் போடுவது நல்லது.

படி 3: தினசரி தடுப்பு வேலை

டியூப் போட்டு 48 மணி நேரம் ஆன பிறகு வரும் நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம். வார்டில் சுருக்கமாக “வேப்”. இதன் கிருமி பெரும்பாலும் மெஷினிலிருந்து வருவதில்லை. நோயாளியின் வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் சில சமயம் வயிற்றிலிருந்தும் வருகிறது. நம் கையும் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இருமல் இல்லை, விழுங்கல் இல்லை, குரல்வளை மூட வழியில்லை. டியூபின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போகாது.

கையிலிருந்து தொடங்குங்கள். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நாம் அதிகம் தவறவிடுவது கடைசியைத்தான். மானிட்டரில் அலாரத்தை அணைத்துவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். அசினெட்டோபாக்டர் மாதிரிக் கிருமி காய்ந்த பரப்பில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். கிளவுஸ் போட்டிருப்பது கை கழுவியதற்கு ஈடாகாது.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கண் மதிப்பீடு இங்கே ஏமாற்றும். 30 டிகிரி என்று நாம் நினைக்கும் கட்டிலை அளந்து பார்த்தால் பல நேரம் 20 கூட இருக்காது. கட்டிலில் உள்ள கோண அளவியைப் பாருங்கள். நோயாளி கீழே வழுக்கி இறங்கி, இடுப்பு மடிய வேண்டிய இடத்தில் நெஞ்சு மடிந்து கிடந்தால் உயர்த்தியதில் பயனில்லை. முதுகெலும்புக் காயம், மிகக் குறைந்த பிரஷர், குப்புறப் படுக்க வைக்கும் சிகிச்சை ஆகியவற்றில் இந்த விதி பொருந்தாது.

பல் துலக்குங்கள். ஆம், பிரஷ்ஷால்தான். வருடக்கணக்காக நாம் குளோர்ஹெக்சிடின் கொண்டு வாயைத் துடைத்து வந்தோம். 2022-ல் வந்த அமெரிக்கப் பரிந்துரை, வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நன்மை தெளிவாக இல்லை, இறப்பு கூடலாம் என்ற சந்தேகம் எழுந்ததுதான் காரணம். அதேசமயம் 15 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, சாதாரணப் பல் பிரஷ் நிமோனியாவைக் குறைப்பதும், வென்டிலேட்டர் நாட்களைக் குறைப்பதும் தெரிய வந்தது. சின்ன தலையுள்ள மென்மையான பிரஷ், கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் போதும். முன்பற்களோடு நிறுத்தாமல் கடைவாய்ப்பல், நாக்கு, டியூபுக்கு அடியில் மறையும் பக்கம் வரை போங்கள். டியூபை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டும்போது உதட்டோரப் புண்ணையும் பார்த்துவிடலாம். ஆழ எண் மாறவில்லையே என்று கட்டிய பிறகு சரிபாருங்கள்.

சக்‌ஷன் மணிக்கு ஒருமுறை போடும் சடங்கு ஆகிவிடக் கூடாது. சளிச் சத்தம் கேட்டால், திரையில் அலை ரம்பப்பல் மாதிரி நெளிந்தால், சாச்சுரேஷன் இறங்கினால் போடுங்கள். அதற்கு முன் 100 சதவீத ஆக்ஸிஜன், உள்ளே உறிஞ்சு குழாய் (கேத்தட்டர்) இருப்பது 15 விநாடிக்குள். சளி இளகட்டும் என்று ஒவ்வொரு முறையும் சலைன் ஊற்றாதீர்கள். மேலே இருந்த கிருமி அதோடு கீழே போகும். சளி கெட்டியாக இருந்தால் காற்றின் ஈரப்பதத்தைச் சரிபாருங்கள். மெஷினையும் டியூபையும் இணைக்கும் சர்க்யூட் குழாயில் தேங்கும் தண்ணீரை நோயாளியின் பக்கம் வழியவிடாமல் எதிர்ப்பக்கம் வடியுங்கள். சர்க்யூட்டைத் தேதி வைத்து மாற்ற வேண்டியதில்லை, அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு.

உணவை முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் வழியே தொடங்கலாம், பிரஷர் நிலையாக இருந்தால். நீண்ட நாள் சாப்பிடாமல் இருந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேகமாகக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு திடீரென்று இறங்கலாம்; இறங்கினால் மூச்சுத் தசையே சோர்ந்துபோகும்.

படி 4: மயக்கத்தைக் குறையுங்கள், தினமும் எழுப்பிப் பாருங்கள்

ஆழமாகத் தூங்கும் நோயாளி பார்க்க அமைதியாக இருக்கிறார். நமக்கும் வேலை சுலபம். ஆனால் அந்த அமைதிக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. 2000-ல் வந்த 128 பேர் ஆய்வில், தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பியவர்கள் சராசரியாக 4.9 நாளில் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள், மற்றவர்களுக்கு 7.3 நாள் ஆனது. 2008-ல், எழுப்பிப் பார்ப்பதோடு தானாக மூச்சு விடவும் வைத்துப் பார்த்தபோது, ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள்.

முதலில் வலியைப் பாருங்கள். முகச் சுளிப்பு, கை இறுக்கம், மெஷினோடு முட்டல் எல்லாம் வலியின் மொழி. வலி அடங்கிய பிறகு எவ்வளவு மயக்கம் தேவை என்று யோசிக்கலாம். கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கும் அளவே பெரும்பாலானோருக்கு இலக்கு. மிடாசொலாம் என்ற மயக்க மருந்து தொடர்ந்து ஓடினால் மூளைக் குழப்பம் கூடும். புரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவை அந்த வகையில் மேல். வலிப்புக்காகவோ மண்டைக்குள் அழுத்தம் ஏறியதாலோ மயக்க மருந்து ஓடினால், தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடினால், எழுப்பும் முயற்சி கூடாது.

குழப்பம் என்றதும் கத்திப் பிடுங்குபவரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம், அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். கண்ணாடியும் காதுக் கருவியும் கொண்டுவரச் சொல்லுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு. இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். குடும்பத்தார் கை கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும். ஒருமுறை, எழுப்பிய நோயாளியின் கையில் பேனாவும் அட்டையும் கொடுத்தேன். கோணல்மாணலாக “கால்” என்று எழுதினார். போர்வையை விலக்கினால், குதிகால் கட்டில் கம்பியில் அழுந்திச் சிவந்திருந்தது. இரண்டு நாளாக அவர் “அமைதியில்லாமல் இருக்கிறார்” என்று எழுதி மயக்க மருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

படி 5: ஜுரம் வந்துவிட்டது, இப்போது?

ஜுரம் வந்த உடனே ஆன்டிபயாடிக்கை மாற்றும் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும். எக்ஸ்ரேயில் புதிதாக வந்த அல்லது பெரிதாகிக்கொண்டிருக்கும் வெள்ளை நிழல் இருக்க வேண்டும். அதோடு 38 டிகிரிக்கு மேல் ஜுரம், வெள்ளையணு ஏற்றம் அல்லது இறக்கம், சீழ் போன்ற சளி இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் தேவை கூடிக்கொண்டே போனால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே நிழல் எல்லாம் நிமோனியா ஆகாது. சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல், நுரையீரல் நீர்க்கோப்பு, இரத்தக்கட்டி எல்லாம் அதே மாதிரி வெள்ளையாகத் தெரியும்.

சந்தேகம் உறுதியானால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் டியூப் வழியே சளி மாதிரியும் கிருமியை வளர்த்துப் பார்க்க இரத்தக் கல்ச்சரும் எடுத்துவிடுங்கள். ஆனால் தொற்று உடம்பையே பாதித்துப் பிரஷர் விழும் செப்சிஸ் நோயாளிக்கு மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் சில நாளில் வருவது பெரும்பாலும் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை. நாள் ஆக ஆக, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் இவற்றின் ஆட்சி. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த ஐசியுவின் சொந்தக் கல்ச்சர் பட்டியல்தான் சொல்லும். அந்தப் பட்டியல் உங்கள் வார்டுச் சுவரில் இல்லையென்றால் மைக்ரோபயாலஜியில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வரும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். அகலமாகத் தொடங்கிய மருந்தைக் கிருமிக்கேற்பச் சுருக்குங்கள். ரிப்போர்ட்டில் ஏதோ வளர்ந்திருக்கிறது, ஆனால் நோயாளிக்கு ஜுரமும் இல்லை, ஆக்ஸிஜன் தேவையும் கூடவில்லை என்றால், அது டியூபில் குடியிருக்கும் கிருமியாக இருக்கலாம். நோயாளிக்குத்தான் சிகிச்சை, காகிதத்துக்கு அல்ல. சளியில் கேண்டிடா பூஞ்சை வளர்வது அனேகமாக எப்போதும் குடியிருப்பு மட்டுமே. அதைப் பார்த்துப் பூஞ்சை மருந்து தொடங்க வேண்டியதில்லை. இரத்தத்தில் வளர்ந்தால் கதையே வேறு.

எத்தனை நாள்? பெரும்பாலானோருக்கு 7 நாள் போதும். 8 நாளையும் 15 நாளையும் ஒப்பிட்ட 401 பேர் ஆய்வு 2003-லேயே இதற்கு வழிகாட்டியது. இறப்பில் வித்தியாசம் இல்லை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளில் நோய் திரும்ப வருவது மட்டும் குறுகிய சிகிச்சையில் கூடுதலாக இருந்தது, அதனால் அங்கே டாக்டர்கள் நோயாளியின் போக்கைப் பார்த்து முடிவு செய்வார்கள். தேவையில்லாமல் நீளும் ஒவ்வொரு நாளும் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கான எதிர்ப்புக் கிருமியை வளர்க்கிறது. குடலில் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் டிஃபிசிலே என்ற கிருமியும் அந்த வழியில்தான் வருகிறது.

ஜுரத்துக்கு நுரையீரல் காரணமில்லை என்றால் தலை முதல் கால் வரை தேடுங்கள். பெரிய இரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் போட்ட இடம் சிவந்திருக்கிறதா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியுக்களில், கை கழுவுதல், முழு உடல் மறைப்போடு லைன் போடுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் சுத்தம் செய்தல், தொடை இரத்தக் குழாயைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்துவிடுதல் என்று ஐந்தே பழக்கங்களை விடாமல் கடைப்பிடித்தார்கள். லைன் தொற்று 1,000 லைன் நாட்களுக்கு 2.7 என்று இருந்த இடைநிலை அளவு பூஜ்யத்துக்கு வந்ததாக 2006-ல் வெளியிட்டார்கள். சிறுநீர்க் கேத்தட்டருக்கும் அதே விதி: பை சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல், தேவை முடிந்த நாளே வெளியே. மூக்கு வழியே டியூப் இருந்தால் சைனஸைப் பாருங்கள். கெண்டைக்கால் வீக்கம், மருந்துக் காய்ச்சல், கல் இல்லாமலே வீங்கும் பித்தப்பை எல்லாம் இந்த வரிசையில் உண்டு.

படி 6: அலாரம் அடித்து, சாச்சுரேஷன் சரிகிறது

அலாரத்தை அணைக்கும் முன் நோயாளியைப் பாருங்கள். நிலைமை மோசமாக இருந்தால் மெஷினைக் கழற்றி, ஆம்பு பையில் 100 சதவீத ஆக்ஸிஜனோடு கையால் காற்று கொடுங்கள், உதவிக்குக் குரல் கொடுங்கள். (மூச்சை விட்ட பிறகும் மெஷின் நுரையீரலில் நிறுத்தி வைக்கும் அழுத்தம்தான் பீப். நுரையீரல் மிக மோசமாகி அதிக பீப்பில் இருப்பவரை அடிக்கடி கழற்றினால் திறந்த அறைகள் மூடிக்கொள்ளும்; அவருக்கு பீப் வால்வு உள்ள பை கட்டிலிலேயே இருக்கட்டும்.) பையில் நன்றாக ஏறினால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

டியூப் இடம் மாறியதா? ஒட்டி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள், கேப்னோகிராஃப் அலையைப் பாருங்கள். டியூப் அடைத்ததா? சக்‌ஷன் கேத்தட்டரை உள்ளே விடுங்கள். போகவில்லை என்றால் கடிக்கிறார், மடங்கியிருக்கிறது, அல்லது சளி கட்டியாகி அடைத்திருக்கிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்ததா? ஒரு பக்க நெஞ்சு அசையவில்லை, அந்தப் பக்கம் சத்தம் இல்லை, பிரஷர் விழுகிறது என்றால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காதீர்கள்; ஊசி குத்தியோ, நெஞ்சில் சிறு துளையிட்டு விரலை விட்டோ காற்றை வெளியேற்ற வேண்டிய நிமிடம் அது. ஆஸ்துமா, புகை நுரையீரல் நோயாளிக்குப் பிரஷர் விழுந்தால் மூச்சு முழுதாக வெளியே வராமல் உள்ளே அடைபட்டிருக்கலாம். மெஷினின் குழாயை டியூபிலிருந்து கழற்றிச் சில விநாடி விட்டால் காற்று நீண்ட பெருமூச்சாக வெளியேறி, பிரஷர் எழும்.

நேரம் இருந்தால் ஒரு சின்ன துப்பு. காற்றைத் தள்ளும்போது காட்டும் உச்ச அழுத்தம் ஏறி, பிளாட்டோ மாறாமல் இருந்தால் கோளாறு காற்று போகும் வழியில்: அடைப்பு, மடிப்பு, மூச்சுக்குழல் இறுக்கம். இரண்டுமே ஏறினால் நுரையீரல் விறைத்திருக்கிறது: காற்று புகுந்தது, நீர் கோத்தது, சுருங்கியது, அல்லது டியூப் ஒரு பக்கம் போய்விட்டது.

படி 7: சத்தம் போடாமல் வரும் சேதம்

2008-ல் ஒரு ஆய்வு, மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரின் உதரவிதானத்தை நுண்ணோக்கியில் பார்த்தது. 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே மெஷின் அவர்களுக்காக மூச்சு விட்டிருந்தது. அதற்குள் தசை நார்கள் பாதிக்கும் கீழே மெலிந்திருந்தன. கை கால் தசையும் அப்படித்தான் தேயும். நோயாளியின் சொந்த மூச்சு முயற்சிக்குக் கூடிய சீக்கிரம் இடம் கொடுங்கள். முதல் சில நாளிலேயே மூட்டுகளை அசைத்து, பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முடிந்தால் டியூபோடே நிற்க வையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முக்கியத்துவம் குறைவு என்பதால் அல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை நிலை மாற்றி, பின்மண்டை, வால் எலும்பு, குதிகால் பாருங்கள். இமை முழுதாக மூடாதவருக்கு மசகு மருந்து போட்டு இமையை மூடிவிடுங்கள். கருவிழி காய்ந்து புண்ணானால் பிழைத்து எழுந்தவர் பார்வை இல்லாமல் எழுவார். காலில் இரத்தம் உறையாமல் ஹெப்பாரின் ஊசி, இரத்தக்கசிவு பயம் இருந்தால் காலை அமுக்கிவிடும் காற்றுறை. வயிற்றுப் புண் இரத்தக்கசிவுக்கு பேன்டோபிரசோல்: 2024-ல் வந்த 4,800-க்கும் மேற்பட்டோர் ஆய்வில் கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. வென்டிலேட்டரை விட்ட பிறகும் காரணமில்லாமல் அதை மாதக்கணக்கில் தொடராதீர்கள்.

படி 8: டியூபை எடுப்பது

காரண நோய் குறைந்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் 40 சதவீதம் அளவிலும் பீப் 5 முதல் 8 வரையிலும் போதுமானதாக இருக்க வேண்டும். பிரஷர் மருந்து இல்லை அல்லது மிகக் குறைவு, சொன்னதைக் கேட்கிறார், இருமுகிறார். இவையெல்லாம் இருந்தால் 30 நிமிடம், கூடினால் இரண்டு மணி நேரம், மிகக் குறைந்த உதவியில் தானாக மூச்சு விட வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டினால், சாச்சுரேஷன் 90-க்குக் கீழே போனால், வியர்த்து, கழுத்துத் தசை இழுத்துத் தவித்தால் நிறுத்திவிடுங்கள். இன்று முடியவில்லை என்றால் ஓய்வு கொடுத்து, ஏன் என்று தேடிவிட்டு, நாளை மறுபடி.

மூச்சு எண்ணிக்கையை ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுப்பது எளிய கணக்கு. நிமிடத்துக்கு 30 மூச்சு, ஒவ்வொன்றும் 0.3 லிட்டர் என்றால் 100. 105-க்குக் கீழே இருந்தால் நம்பிக்கை தரும். கணக்கை விட முகத்தைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். நீண்ட நாள் டியூப் இருந்தவருக்குக் கஃப் காற்றை இறக்கி, சுற்றிலும் காற்று கசிகிறதா என்று பாருங்கள். கசியவே இல்லை என்றால் குரல்வளை வீங்கியிருக்கலாம். டியூப் எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் உதவும். கஃப்புக்கு மேலே தேங்கியதை உறிஞ்சிய பிறகே கஃப்பை இறக்குங்கள், இல்லையென்றால் அத்தனை நாள் தடுத்து வைத்த குளம் ஒரே நொடியில் உள்ளே போகும்.

எடுத்த பிறகு, ஆபத்து அதிகம் உள்ளவருக்கு உயர் வேக ஆக்ஸிஜனோ மாஸ்க் வென்டிலேஷனோ முதலிலேயே கொடுங்கள். பத்தில் ஒருவர் அளவுக்கு மறுபடி டியூப் தேவைப்படலாம். அது தோல்வி என்று குடும்பத்தாரிடம் சொல்லாதீர்கள். ஆனால் தேவை தெரிந்த பிறகு மணிக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்க முடியாதவருக்கு டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் டியூப் வைப்பது) பற்றிப் பேசுவோம். வாய் சுத்தமாகும், மயக்க மருந்து குறையும், எழுந்து உட்காரலாம். முதல் 4 நாளுக்குள் செய்தாலும் 10 நாளுக்குப் பிறகு செய்தாலும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று 2013 ஆய்வு ஒன்று காட்டியது, அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

படி 9: வார்டுக்கும் வீட்டுக்கும் போன பிறகு

டியூப் எடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒரு வாய் தண்ணீர். நமக்கும் கொடுக்கத் தோன்றும். தொண்டைக்கு விழுங்கும் ஞாபகம் திரும்பியிருக்காது. இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். நேராக உட்கார வைத்து, விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே கொடுங்கள். அதுவரை ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டே இருங்கள்.

குரல் சில நாள் கம்மியிருக்கும். சில வாரம் கழித்தும் தெளியவில்லை என்றால் குரல்நாணைப் பார்க்க வேண்டும். சட்டைப் பட்டன் போட முடியாத அளவு கை பலவீனம், தூக்கத்தில் திடுக்கிடல், நடக்காததை நடந்ததாக நம்பும் நினைவுகள் மாதக்கணக்கில் தொடரலாம். ஐசியு நாட்களில் என்ன நடந்தது என்று நர்ஸும் குடும்பமும் எழுதி வைத்த ஒரு நோட்டு, அந்த நினைவுகளில் எது நிஜம் என்று பிரித்தறிய அவருக்கு உதவும்.

இன்னொன்றை டிஸ்சார்ஜ் தாளில் கட்டாயம் எழுதுங்கள்: எத்தனை நாள் டியூப் இருந்தது, டிரக்கியாஸ்டமி செய்தோமா என்று. சில வாரமோ மாதமோ கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தால், ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கஃப் அழுந்திய இடத்தில் மூச்சுக்குழல் சுருங்கிக்கொண்டிருக்கலாம். அந்தத் தாளைக் கையில் எடுத்துப்போய், “எனக்கு இத்தனை நாள் வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள், மூச்சுக்குழலைப் பாருங்கள்” என்று நோயாளியே சொல்லும்படி, அவர் போகும் முன் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.